மீட்டர் செத்துப்போச்சா? நிழலைப் பாருங்க

பழைய ஃபிலிம் கேமரா வாங்கிட்டு ஸ்டுடியோவுக்கு வர்ற பசங்க கேக்குற முதல் கேள்வி, "அண்ணே மீட்டர் வேலை செய்யல, ரோல் போடலாமா?" மீட்டர்னா வெளிச்சத்த அளந்து சொல்ற கருவி, அது செத்தாலும் தாராளமா போடலாம்பா. செத்த மீட்டர விட பொய் சொல்ற மீட்டர்தான் ஆபத்து. 60கள், 70கள்ல வந்த நிறைய கேமராவுக்கு 1.35 வோல்ட் மெர்குரி செல்தான் கணக்கு, அது இப்போ வர்றதில்ல, அதே சைஸ்ல 1.5 வோல்ட் செல்ல போட்டா மீட்டர் முள்ளு ஜோரா ஆடும், ஆனா பல கேமராவுல வெளிச்சம் அதிகம்னு காட்டி படத்த இருட்டாக்கிடும்.

மீட்டர் இல்லாம வெளிச்சத்தக் கணிக்க வானத்தப் பாக்காதீங்க, தரையில உங்க நிழலப் பாருங்க. ஓரம் பிளேடு வச்சு வெட்டுன மாதிரி இருந்தா எஃப் 16 (இது லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் குறைஞ்சா துவாரம் பெருசு), ஷட்டர் வேகம் ஃபிலிமோட ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன் நம்பருக்குப் பக்கத்துல, 400 ஃபிலிம்னா 1/500 செகண்ட். ஓரம் மங்கலா இருந்தா எஃப் 11. நிழலே விழல ஆனா வெளிச்சமா இருக்குன்னா எஃப் 8, மேகம் கட்டி இருண்டா 5.6. காலைலயும் சாயங்காலமும் சூரியன் தாழ இருக்கறப்போ இது செல்லாது. இதுல ஒரு வசதி, வெள்ளை வேட்டி சட்டைல நிக்கிற மாப்பிள்ளையப் பாத்து மீட்டர் ஏமாந்து வேட்டிய சாம்பலாக்கும், நிழல் கணக்குக்கு வேட்டி என்ன கலர்னே தெரியாது.

நான் மாட்டுனது வெயில் படாத நிழலான இடத்துலதான். ஒரு கோயில் கல்யாணம், பிரகாரத்துல வெயில்ல நாலு படம் எடுத்துட்டு பொண்ணு மாப்பிள்ளைய மண்டபத்து ஓரத்துக்குக் கூட்டிட்டு வந்தேன், கண்ணுக்குக் கொஞ்சம்தான் மட்டமாத் தெரிஞ்சுது, ஒரே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்காகுற அளவு, திறந்தேன். கழுவிப் பாத்தா வெளிச்சம் பத்தாம நெகடிவ் கண்ணாடி மாதிரி இருக்கு, பிரிண்ட்ல பட்டுப்புடவை ஜரிகையெல்லாம் குருணை குருணையா சாம்பல்ல ஊறிக் கிடக்கு. வெயிலுக்கும் திறந்தவெளி நிழலுக்கும் 4 ஸ்டாப் வரைக்கும் வித்தியாசம், எஃப் 4 வச்சிருக்கணும், மண்டபத்துக்குள்ள இன்னும் போனா இன்னும் திறக்கணும். கண்ணு பாப்பா விரிஞ்சு தானா சரிபண்ணிக்குது, நமக்கு எல்லாம் ஒரே வெளிச்சமாத் தோணுது, அந்தப் பொண்ணோட அம்மா முகத்த இப்பவும் மறக்க முடியல.

சந்தேகம் வந்தா கலர் நெகடிவ்ல ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடவே விடுங்க, ரெண்டு கூடுனாலும் தாங்கும், குறைஞ்சா தாங்காது. நேரா பாசிட்டிவ் படமா வர்ற ஸ்லைடு ஃபிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் இத அப்படியே எடுத்துட்டுப் போயிடாதீங்க, அங்க வெள்ளை வெளுத்துப் போச்சுன்னா போனதுதான்.