டிப் ஸ்டிக்கைப் பார்த்துப் பதறாதீர்கள்

போன வாரமும் ஒரு பழைய புல்லட் அப்படியே வந்தது. சைலன்சரில் நீலப்புகை, இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் டியூபிலிருந்து ஆயில் கொட்டி பின் சக்கரம் வரை பிசுபிசுப்பு. "ரிங் போச்சாண்ணே? போர் பண்ணணுமா?" என்றார் கொண்டு வந்த தம்பி. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. தாத்தாவின் வண்டி, சில மாதமாக ஷெட்டில் நின்றிருக்கிறது. ஓட்டலாம் என்று எடுத்தவர் முதலில் ஆயிலைப் பார்த்திருக்கிறார். நல்ல பழக்கம்தான். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கின் நுனியில்கூட ஆயில் இல்லை. கடைக்கு ஓடி ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிவிட்டார். அந்த லிட்டரை வெளியே எடுத்தேன், கொஞ்ச நேரத்தில் புகை நின்றது. வேலை அவ்வளவுதான். ஆனால் இதே புகைக்கு சிலிண்டரைக் கழற்றி, நல்ல போரை, அதாவது சிலிண்டரின் உட்சுவரை, கடைந்து, புது பிஸ்டன் போட்டு அனுப்பிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டுக்கு. திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து ஐம்பதுகளில் வரத் தொடங்கிய இன்ஜின் அது. கியர்பாக்ஸ் தனியாக இருக்கும், கியர் லீவர் பெரும்பாலும் வலது காலில். இதில் ஆயில் மற்ற வண்டிகளைப் போல பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் அடியில் தேங்கி நிற்பதில்லை. இன்ஜின் வார்ப்பிலேயே பின்பக்கம் ஒரு தனி அறை, அதுதான் ஆயில் டேங்க். ஒரு பம்ப் அங்கிருந்து எடுத்து கிராங்குக்குக் கொடுக்கும். இன்னொரு பம்ப் கீழே விழுந்ததை வழித்து டேங்குக்கே திருப்பி அனுப்பும். வண்டி நாள்கணக்கில் நின்றால் டேங்கில் இருப்பது பம்ப் இடைவெளி வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்கு இறங்கிவிடும். டிப் ஸ்டிக் காட்டுவது டேங்கை மட்டும்தான். ஆயில் தொலையவில்லை, பக்கத்து ரூமுக்குப் போயிருக்கிறது!

இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு, "இருந்தாலும் ஒரு கால் லிட்டர் சேர்த்துக்கலாமா, சேஃப்டிக்கு?" என்று கேட்பார்கள். வேண்டாம். கால் லிட்டரும் வேண்டாம். ஸ்டார்ட் செய்ததும் கிராங்க் அறையில் இருப்பது டேங்குக்குத் திரும்பும். ஏற்கெனவே டேங்கை நிரப்பி வைத்திருந்தால் அது எங்கே போகும்? கிராங்க் வீல் அதை வாரி சிலிண்டரில் அடிக்கும், ரிங்கால் வழிக்க முடியாது, புகையும், பிளக் கரிபிடிக்கும். மிச்சம் பிரீதர் வழியாகவும், சீல் தாண்டி கிளட்ச் இருக்கும் இடது பக்க செயின்கேஸுக்கும் போகும். அப்புறம் "புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியது.

சரியான முறை இதுதான். சென்டர் ஸ்டாண்டு போட்டு, சமதளத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் கொஞ்ச நேரம் புகை வரும், பயப்பட வேண்டாம். திருப்பி அனுப்பும் பம்ப், கொடுக்கும் பம்பைவிடப் பெரியது. சில நிமிடத்தில் வழித்துவிடும். இன்ஜின் சூடானதும் நிறுத்தி, இரண்டு நிமிடம் விட்டு, ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். அந்த அளவுதான் கணக்கு. மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கிக்கரை அடிக்கும் முன் அடியில் கிராங்க் அறையின் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, தேங்கியதை வடித்து, அதே அளவு ஆயிலை டேங்கில் ஊற்றிவிடுவது இன்னும் நல்லது. ஒரே ராத்திரியில் மொத்தமும் இறங்கினால் பம்ப் தேய்ந்திருக்கிறது. அப்போது என்னைப் போன்றவர்களிடம் வாருங்கள்.

சரி, எந்த ஆயில்? என் பதில் எப்போதும் 20டபிள்யூ-50, மினரல். பின்னால் இருக்கும் 50 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கான எண். இந்த இன்ஜினின் பிக் எண்டில், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில், இருப்பது ரோலர் பேரிங் இல்லை, ஃப்ளோட்டிங் புஷ் என்ற உலோக வளையம். அது ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. பம்போ அதிக அழுத்தம் தராத சாது. சித்திரை வெயிலில், டிராஃபிக்கில், காற்றை மட்டுமே நம்பிக் குளிரும் இரும்பு சிலிண்டர். இதில் புது ஸ்கூட்டருக்கு வாங்கிய 10டபிள்யூ-30 ஐ ஊற்றினால் படலம் மெலிந்து புஷ் அடி வாங்கும். முன்னால் இருக்கும் 20டபிள்யூ குளிர் நாட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டியது. நம் ஊரில் அதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

ஃபுல்லி சிந்தெடிக் கெடுதலா என்று கேட்டால், சரியான கிரேடில் இருந்தால் கெடுதல் என்று சொல்லமாட்டேன். வீண். அதன் பெரிய லாபமே நீண்ட நாள் தாங்குவது. இந்த இன்ஜினில் இருப்பது ஒரு ஃபெல்ட் ஃபில்டர். எவ்வளவு விலை கொடுத்தாலும் 2,000 கிலோமீட்டரில் மாற்றத்தான் சொல்வேன். ஓடவே இல்லையென்றாலும் வருடம் ஒருமுறை. மாற்றும்போது அடியில் இருக்கும் எல்லா டிரெயின் போல்ட்டும் கழற்றப்படுகிறதா என்று நின்று பாருங்கள். ஒன்றை மட்டும் திறந்து பாதிக் கழிவை உள்ளேயே விட்டுவிடுவது எங்கள் தொழிலில் இருக்கும் கெட்ட பழக்கம். புது ஆயில் ஊற்றியதும் மேலே வால்வுப் பக்கம் ஆயில் கொண்டுபோகும் ராக்கர் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, ஐட்லிங்கில் ஆயில் கசிகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம். 2009 வாக்கில் வந்த புது யூசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும்) இன்ஜினில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். அதற்கான யோசனையைப் படித்துவிட்டுப் பழைய வண்டிக்கு வராதீர்கள். பழையதில் மூன்றும் தனித்தனி. அளவு சரியாக இருக்கும்வரை இன்ஜின் ஆயில் கிளட்சைத் தொடுவதே இல்லை. ஆகவே ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜேசோ எம்ஏ முத்திரையை நீங்கள் தேட வேண்டியது இடது பக்க செயின்கேஸில் ஊற்றும் ஆயிலுக்கு. அங்கே கார் ஆயில் போட்டு, அதில் வழுக்கும் சேர்மானம் இருந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். ஸ்கூட்டருக்கான எம்பி முத்திரை ஆயிலும் அப்படித்தான். லெவல் ஸ்க்ரூவைத் திறந்து, அதில் வழியும் வரை ஊற்றினால் போதும். கியர்பாக்ஸுக்குத் தனி கியர் ஆயில், இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

பழைய டூ ஸ்ட்ரோக் யெஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோலில் கலப்பது டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலாக மட்டும் இருக்கட்டும். மிஞ்சிய புல்லட் ஆயிலைக் கலக்காதீர்கள், அது எரிவதற்குச் செய்ததல்ல. பிளக்கும் சைலன்சரும் அடைத்துக்கொள்ளும். "கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது" என்பதும் தப்பு. ஆயில் கூடினால் கார்புரேட்டரின் அதே ஜெட்டில் போகும் பெட்ரோல் குறையும், கலவை மெலியும், பிஸ்டன் சூடாகும். வீட்டில் ஒரு அளவுக் குடுவை வாங்கி வையுங்கள், மூடியில் குத்துமதிப்பாக ஊற்றுவது வேண்டாம்.

கடைசியாக, தயவுசெய்து லூஸ் ஆயில் வாங்காதீர்கள். சீல் இருக்கும் டப்பாவை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், எந்த மெக்கானிக்காக இருந்தாலும் சரி, என்னிடமும்கூட. ஊற்றி முடித்ததும் காலி டப்பாவை ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள். முழுசாக இருக்கும் டப்பாவைப் பழைய விலைக்கு எடுத்துப்போக ஆள் இருக்கிறார்கள். வடிகட்டிய கழிவு ஆயிலை அதில் நிரப்பி, புது மூடி போட்டு வேறு யாருக்கோ விற்பார்கள்.