இட்லிப் பானையை இறக்குவது யார்?

முடக்குவாதத்துக்கு நாலு வருடமாக என்னிடம் வரும் ஒரு அம்மா. உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் நன்றாக இறங்கியிருந்தன. மூட்டுகளில் வீக்கம் இல்லை. "எப்படிம்மா இருக்கீங்க?" என்றேன். "பரவாயில்லை டாக்டர், எல்லா வேலையும் நடக்குது" என்றார். சரி என்று அதே மாத்திரைகளை எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அத்தைக்குத் தலை பின்னிவிடறது நான்தான் டாக்டர். இட்லிப் பானையை இறக்கறதும் நான்தான்."

வேலை நடந்தது உண்மை. செய்தது வேறு கை. நாலு வருடமாக ரத்தப் பரிசோதனையைப் பார்த்த நான் இதைக் கேட்கவே இல்லை.

அன்றைக்கே, அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று கேட்கும் ஹெச்ஏக்யூ வினாத்தாளை எடுத்தேன். 1980-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃபிரைஸ் குழுவினர் வெளியிட்டது. உடுத்துவது, எழுந்திருப்பது, சாப்பிடுவது, எட்டி எடுப்பது என்று 8 பிரிவுகளில் 20 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். சிரமமே இல்லையென்றால் 0, முடியவே முடியாது என்றால் 3. ஒவ்வொரு பிரிவிலும் அதிகபட்ச எண்ணை எடுத்து, எட்டுப் பிரிவுக்கும் போடும் சராசரிதான் மதிப்பெண்.

அதில் ஒரு விதி உண்டு. ஒரு வேலைக்கு அடுத்தவர் உதவி தேவைப்பட்டால், சிரமமில்லை என்று நோயாளி சொன்னாலும் அந்தப் பிரிவுக்குக் குறைந்தது 2 போட வேண்டும். மகளும் மருமகளும் சத்தமில்லாமல் வேலையை வாங்கிக்கொள்ளும் நம் வீடுகளில், இந்த விதி இல்லாவிட்டால் பாதி இயலாமை கணக்கிலேயே வராது. 2002-இல் வந்த இந்திய வடிவம் 12 கேள்விகள் கொண்டது. குந்தி உட்காருவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது எல்லாம் அதில் உண்டு. அவற்றையும் சேர்த்தே கேட்பேன்.

அந்த அம்மாவுக்கு 1.5 வந்தது. கையைத் தூக்கச் சொன்னேன். காதுக்கு மேல் போகவில்லை. விரல்களை மடக்கினால் உள்ளங்கையைத் தொடவில்லை. அழற்சி அடங்கியிருந்தது, ஆனால் தோள் இறுகி, பிடி தளர்ந்திருந்தது. மாத்திரையைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. பிசியோதெரபிக்கு அனுப்பினேன். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள சின்னப் பாத்திரம், திருகாமல் தள்ளித் திறக்கும் குழாய், இவற்றை மருமகளே வாங்கி வைத்தார். நாலு மாதத்தில் 1.125. பொதுவாக 0.22 இறங்கினாலே நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்று கொள்கிறோம்.

உங்களுக்கும் முடக்குவாதம் இருந்தால், அடுத்த முறை போகும்போது உங்களுக்காக மற்றவர்கள் செய்துதரும் வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்புறம், காலையில் விரல் இறுக்கம் தளர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும். முடிந்தால் வீட்டில் கூடவே இருப்பவரையும் அழைத்துப் போங்கள்.