தலையில் கட்டி, கழுத்தில் தழும்பு

தலையில் உள்ள கட்டியை எடுக்க வருகிறவர்களிடம் முதலில் கழுத்தைக் காட்டச் சொல்வேன். "கட்டி மேல இருக்கு டொக்டர், நீங்கள் கீழ பாக்கிறியள்" என்று ஒரு அம்மா சிரித்தார். சங்கிலி விழும் இடத்தில் அவருக்குப் பழைய தையல் தழும்பு ஒன்று இருந்தது. "அது கழலை எடுத்தது, எப்பவோ முடிஞ்ச கதை" என்றார்.

கழலை என்பது கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியின் வீக்கம். சிலருக்கு அது புற்றுநோயாக இருந்திருக்கும். எடுத்த பிறகு பெரும்பாலும் அது முடிந்த கதைதான். இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் தைரொயிட் புற்றுநோயும் முன்வரிசையில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு பப்பிலரி வகை. சத்திரசிகிச்சையும், தேவைப்பட்டால் எஞ்சிய தைரொயிட் கலங்களை அழிக்கும் கதிரியக்க அயடீனும் பெற்ற பலர் முழு ஆயுளும் நன்றாக வாழ்கிறார்கள். தோலுக்குப் பரவுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் பரவினால் அதிகம் வருவது தலைத்தோலில். அங்கே இரத்த ஓட்டம் கூட என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். ஒப்பரேசன் முடிந்து பல வருடம் கழித்தும் வரலாம். அரிதாக, கழுத்தில் நோய் இருப்பதே தெரியாமல் தலைக்கட்டி முதலில் வருவதும் உண்டு.

அப்படிப் பரவி வரும் கட்டி தோலின் நிறத்திலோ சிவப்பாகவோ ஊதா கலந்தோ, கடலை அளவில் தொடங்கி மெதுவாகப் பெருக்கும். அநேகமாக நோவு இராது. தலை இழுக்கும்போதோ முழுகும்போதோதான் கையில் தட்டுப்படும். பிறகு புண்ணாகலாம், சீப்புப் பட்டு இரத்தம் கசியலாம். தலையில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதையும் சொல்லவேண்டும், பயந்துவிடாதீர்கள். ஆனால் வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்தறிய என்னாலும் முடியாது. அதனால்தான் பழைய கதையைக் கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கதையைப் பெறுவது லேசில்லை. இடப்பெயர்வுகளில் துண்டும் ரிப்போட்டும் தொலைந்துவிட்டன. ஒருவருக்குக் கொழும்பில் ஒப்பரேசன், இன்னொருவருக்கு இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது. என்ன கழலை என்று கேட்டால் தெரியாது. சில வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியும், தாய்க்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள், சரி. ஆனால் அந்தத் தாய் தனியாகக் கிளினிக்குக்கு வரும் நாளில் என்ன சொல்வார்? இந்த வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின், அதாவது தைரொயிட் எடுத்தவர்களுக்குக் கொடுக்கும் ஹோர்மோன் குளிசை, போடுகிறீர்களா என்று கேட்டுப் பார்ப்பேன். வேறு காரணத்துக்கும் அதைப் பலர் போடுகிறார்கள், என்றாலும் பிடித்துக்கொண்டு போக ஒரு நுனி கிடைக்கும்.

கட்டியை வெட்டுவதற்கு முன்பே இதெல்லாம் தெரியவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தைரொயிட் புற்றுநோயின் இன்னொரு வகையான ஃபொலிக்கியூலர் இரத்தத்தின் வழியே எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகக்கூடியது. மண்டையோட்டில் வந்தால் வெளியே சாதாரணத் தலைக்கட்டி போலவே தெரியும். விரலை வைத்தால் சிலவேளை துடிக்கும். அதைக் கொழுப்புக் கட்டி என்று எண்ணிச் சின்ன ஒப்பரேசன் அறையில் வெட்டினால் இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுத்த பிறகுதான் கத்தி.

எடுத்த கட்டியைப் பழுதாகாமல் காக்கும் போமலின் திரவத்தில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். காசு மிச்சம் பிடிக்க "அனுப்ப வேண்டாம்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மற்றதில் மிச்சம் பிடியுங்கள். திசுவில் தைரோகுளோபுலின் என்ற, தைரொயிட் கலங்கள் உண்டாக்கும் புரதம் இருக்கிறதா என்று சாயமிட்டுப் பார்த்தால் அது தைரொயிட்டிலிருந்து வந்ததா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் படிவத்தில் கழுத்து ஒப்பரேசனைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டால், அந்தச் சாயத்தைப் போட்டுப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றாமல் போகலாம்.

தோலுக்கு வந்திருந்தால் அநேகமாக வேறு இடத்துக்கும் போயிருக்கும். ஆகவே கட்டியை எடுத்ததோடு வீட்டுக்குப் போகமுடியாது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் காட்டவேண்டும். கட்டி அயடீனை உறிஞ்சினால் கதிரியக்க அயடீன் கொடுக்கலாம். உறிஞ்சாவிட்டால் கதிர் சிகிச்சை, அப்புறம் லென்வாட்டினிப், சொராஃபெனிப் போன்ற குளிசைகள் இருக்கின்றன.

"ஊசி குத்தினால் பரவும்" என்ற பயத்தால் கழுத்துக் கட்டிக்கு ஊசிப் பரிசோதனையே வேண்டாம் என்பவர்களும் வருகிறார்கள். ஊசி போன வழியில் நோய் வந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன, ஆனால் மிக மிக அரிதாக. அதற்காகப் பரிசோதனையைத் தவிர்ப்பது நோயை வளரவிடுவதுதான்.

கழலைக்காகத் தைரொயிட்டை முழுதாக எடுத்தவர்கள் பலர் "தைரொயிட் டெஸ்ட் நோர்மல்" என்று டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) ரிப்போட்டைக் காட்டுவார்கள். குளிசையின் அளவு சரியா என்பதைத்தான் அது சொல்லும். பப்பிலரி, ஃபொலிக்கியூலர் வகைகளில் நோய் திரும்புகிறதா என்று பார்க்க இரத்தத்தில் தைரோகுளோபுலின் அளக்கவேண்டும். முழுதாக எடுத்து அயடீனும் கொடுத்தவர்களுக்கு அது ஏறத்தாழ இல்லாமலே இருக்கவேண்டும், ஏறிக்கொண்டு போனால் தேடவேண்டும். உடலில் அதற்கு எதிரான அன்டிபொடி இருந்தால் உண்மையான அளவைக் குறைத்துக் காட்டிவிடும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.