ஆஷ் மரத்தை அடையாளம் காண முதலில் கிளையைப் பாருங்கள்

ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் வளரும் ஆஷ் மரத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இலையையோ பட்டையையோதான் முதலில் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் கிளையில்தான் தொடங்க வேண்டும். ஆஷில் கிளை, மொட்டு, இலை எல்லாமே நேரெதிராக ஜோடி ஜோடியாக வரும். குளிர்நாட்டுப் பெருமரங்களில் மேப்பிள், குதிரைச் செஸ்நட் போன்ற சிலதான் இப்படி வளர்வதால், மற்ற மரங்களை இந்த ஒரு சோதனையிலேயே ஒதுக்கிவிடலாம். ஜோடியில் ஒன்று ஒடிந்து விழுந்திருக்கலாம், அதனால் நாலைந்து கிளைகளைப் பார்ப்பது நல்லது.

அப்புறம் இலை. ஒரே காம்பில் வழக்கமாக 5 முதல் 13 சிற்றிலைகள். பாக்ஸ் எல்டர் என்ற மேப்பிள் வகையும் இப்படித்தான் இருக்கும், ஆனால் அதன் விதைகள் இரட்டை இறக்கையோடு ஒட்டியிருக்கும். ஆஷ் விதைக்கு ஒற்றை இறக்கைதான், கொத்தாகத் தொங்கும். ‘மலை ஆஷ்’ எனப்படும் ரோவன் ரோஜாக் குடும்பம், கிளைகள் மாறி மாறி வரும். உண்மையான ஆஷ் மல்லிகையும் ஆலிவும் சேர்ந்த குடும்பம். இலையில்லாத குளிர்காலத்தில் ஐரோப்பிய ஆஷைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம், மொட்டு கன்னங்கரேலென்று இருக்கும்.

இந்த மரம் காட்டுக்குச் செய்கிற வேலை பெரும்பாலும் தரையில் நடக்கிறது. இலைகள் நெருக்கமாக இல்லாததால் வெயில் கீழே இறங்கி, சிறு செடிகள் பிழைக்கின்றன. உதிரும் இலையில் சத்து அதிகம், மண்புழுக்கள் சீக்கிரமே தின்று மண்ணாக்கிவிடும். பட்டையில் அமிலத்தன்மை குறைவு என்பதால் பலவகை லைக்கன்கள் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்கள்) ஒட்டி வளர்கின்றன. வட அமெரிக்கச் சதுப்புகளில் கருப்பு ஆஷ் இன்னொரு வேலையும் செய்கிறது: கோடை முழுக்க நீரை உறிஞ்சி ஆவியாக்கி நீர்மட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. மரங்கள் மொத்தமாகச் செத்தால் நீர் ஏறிவிடும், புதுக் கன்றுகள் எழ முடியாமல் காடு புல்சதுப்பாக மாறிவிடவும் கூடும்.

இது கற்பனை இல்லை. கிழக்காசியாவிலிருந்து வந்த மரகத ஆஷ் துளைப்பான் என்ற பச்சை வண்டு, 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து குடைவதால், இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது நின்றுபோகிறது. பட்டையில் ஒரு பக்கம் தட்டையாக, அரைவட்ட வடிவில், சுமார் 3 மில்லிமீட்டர் துளைகள் தெரிந்தால் வண்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. ஐரோப்பாவில் வேறு கதை, 1990களில் போலந்தில் கவனிக்கப்பட்ட ஒரு பூஞ்சை இலை வழியே புகுந்து கிளைகளைக் காயவைக்கிறது.

இரண்டு இடங்களிலும் சில மரங்கள் தாக்குப்பிடித்து நிற்கின்றன, அவற்றின் எதிர்ப்புத் திறனை வைத்து அடுத்த தலைமுறைக் கன்றுகளை வளர்க்க முயல்கிறார்கள். அதனால் நோய் வரப்போகிறதே என்று நன்றாக இருக்கும் ஆஷை முன்கூட்டியே வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தலையில் விழும் ஆபத்து இருந்தால் அது வேறு விஷயம்.