முதல் வாரம் போன மூன்று கிலோ எங்கே போனது?

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். காலை இட்லிக்கும் இரவுச் சப்பாத்திக்கும் பதிலாக, மாவுச்சத்து குறைந்த புரத ஷேக் குடிக்கிறாராம். மதியம் கீரை, முட்டை, கொஞ்சம் கோழி. முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. அடுத்த வாரம் அரைக் கிலோகூட இல்லை. வாயில் ஒரு மாதிரி வாடை வேறு. டப்பாவை விற்றவர், “உடம்புல இருக்குற நச்செல்லாம் வெளியேறுது மேடம், நல்ல அறிகுறி” என்றாராம். உண்மையா என்று கேட்கிறார்.

முதலில் அந்த மூன்று கிலோ. ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. மூன்று கிலோவை ஏழு நாளில் எரிக்க, நாளொன்றுக்கு 3,300 கலோரி பற்றாக்குறை வேண்டும். நம்மில் பெரும்பாலான பெண்கள் ஒரு நாள் முழுக்கச் செலவிடுவதே 2,000 கலோரி சுமாருக்குத்தான். பட்டினியே கிடந்தாலும் கணக்கு ஒத்துவராது. ஆகவே போனதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைகோஜன், அதாவது உடல் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து, சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்து வரத்து குறைந்ததும் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் போகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடவே நீரையும் வெளியே தள்ளுகிறது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் இதில் நிறைய திரும்பி வந்துவிடும். அதற்காக யாரும் மனம் உடைய வேண்டாம். இரண்டாம் வாரத்து அரைக் கிலோவுக்குள்தான் நிஜமான கொழுப்பு இருக்கிறது.

இனி அந்த வாடை. என்னைப் பொறுத்தவரை உடலியலின் மிக அழகான ஏற்பாடுகளில் ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் நாம் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதம் அதற்கே போகிறது. நாளுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் எவ்வளவு மிதந்தாலும் மூளையால் அவற்றைப் பெரிதாகப் பயன்படுத்த முடியாது. கொழுப்பு அமிலத்தைக் குளுக்கோஸாக மாற்றவும் நம் உடலுக்கு வழியில்லை. மிச்சமிருப்பது தசையிலுள்ள புரதம். மூளைக்குத் தேவையான அத்தனை குளுக்கோஸையும் தசையைக் கரைத்தே எடுத்திருந்தால், பஞ்ச காலங்களில் மனித இனம் தப்பித்திருக்காது. அப்படியானால் எப்படித் தப்பித்தது?

அமெரிக்காவின் பாஸ்டனில் ஜார்ஜ் காஹில், ஆலிவர் ஓவன் என்ற மருத்துவ ஆய்வாளர்களின் குழுவினர் இதை நேரடியாக அளந்தார்கள். உடல் பருமனுக்காக மருத்துவக் கண்காணிப்பில் ஐந்தாறு வாரம் உண்ணாமல் இருந்த மூன்று பேரின் மூளைக்குள் போகும் ரத்தத்தையும் வெளியே வரும் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மூளையின் முக்கிய எரிபொருள் குளுக்கோஸாக இல்லை, கொழுப்பிலிருந்து உருவாகும் கீட்டோன்களாக இருந்தது. 1967-இல் அந்த முடிவு வெளியானது.

கீட்டோன்களைச் செய்வது கல்லீரல். மாவுச்சத்து குறையும்போது கல்லீரல் தன்னிடமுள்ள ஆக்சலோஅசிட்டேட் என்ற மூலக்கூறைக் குளுக்கோஸ் தயாரிக்கத் திருப்பிவிடுகிறது. அது இல்லாமல், உணவை எரித்து ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சி மந்தமாகிறது. கொழுப்பு உடைந்து குவியும் அசிட்டைல் கோ-ஏ என்ற துண்டுகள் அந்தச் சுழற்சிக்குள்ளே நுழைய முடியாமல் தேங்குகிறது. தேங்கியதை இரண்டிரண்டாக இணைத்து, நீரில் கரையும் சின்ன மூலக்கூறுகளாக்கி ரத்தத்தில் விடுகிறது கல்லீரல். கீட்டோனை எரிக்கத் தேவையான ஒரு நொதி மட்டும் கல்லீரலில் இல்லை. பந்தியில் உட்காராத சமையல்காரரைப்போல, செய்தது அத்தனையையும் மூளைக்கும் இதயத்துக்கும் தசைக்கும் அனுப்பிவிடுகிறது. அந்த ஒரு நொதி இருந்திருந்தால் தானே எரித்துத் தீர்த்திருக்கும்.

இந்தக் கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோஅசிட்டேட்டில் ஒரு பங்கு, எந்த நொதியின் உதவியும் இல்லாமல் தானாகவே உடைந்து அசிட்டோன் ஆகும். நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அதே அசிட்டோன்தான். எளிதில் ஆவியாவதால் மூச்சில் வருகிறது. வாசகியின் வாயில் வாடை என்பது இதுதான். இதில் நச்சும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. கேள்வி கேட்பவரின் பயத்தை நச்சுக் கதை சொல்லிக் காசாக்குவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சரி, சாப்பாட்டுக்குப் பதில் ஷேக் என்பதே வீணா? இல்லை. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைடிலும் 306 டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த டைரெக்ட் ஆய்வில், ஒரு குழு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே ஷேக், சூப்பாக எடுத்தது. ஓராண்டு முடிவில் அதில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இத்தனைக்கும் அந்த ஷேக்கில் மாவுச்சத்து தாராளமாகவே இருந்தது. வேலை செய்தது கலோரிக் குறைப்பு. ஷேக்கை நிறுத்தியபின் சாப்பாட்டைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவரவும் செவிலியரும் உணவியல் நிபுணரும் கூடவே இருந்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தது டயாபடிஸ் யுகே என்ற தொண்டு நிறுவனம், பவுடர் விற்கும் நிறுவனம் அல்ல. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) அளந்து சொல்லியிருக்கின்றன. ஷேக்கிலிருந்து சோற்றுக்கு எப்படித் திரும்புவது என்பதை நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரிய அளவில் சோதிக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். ஒரு கப் சோற்றிலேயே 45 கிராம் மாவுச்சத்து இருக்கும் ஊருக்கு, ரொட்டி தின்பவர்களின் உணவுப் பட்டியல் உதவாது.

வாசகி ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எழுதவில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள், அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உணவுமுறைக்குள் இறங்கவே கூடாது. அவர்களுக்குச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே கீட்டோன் எல்லை மீறி ரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மாத்திரையின் பெயரையும் ஷேக் குடிப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.