படுக்கை தனி, காற்று பொது

சென்னையிலிருந்து தோஹாவில் விமானம் மாறி நியூயார்க் போகும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டின் விலை, அதே விமானத்தின் பின்வரிசை டிக்கெட்டைப் போலப் பல மடங்கு. கூடுதல் பணத்துக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்பதை விளம்பரங்கள் விலாவாரியாகச் சொல்லிவிடுகின்றன. எவை கிடைக்காது என்பதை இயற்பியலும் உடலியலும் தீர்மானிக்கின்றன. கிடைக்காதவற்றில் முதலில் வருவது காற்று.

36,000 அடி உயரத்தில் வெளியே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குக்கும் குறைவு. குளிர் மைனஸ் 56 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் காற்றைச் சுவாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தடுமாறிவிடும். அதனால் கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் மெரினா கடற்கரையில் இருக்கும் அளவுக்கு அல்ல. உள்ளே அழுத்தம் கூடக்கூட விமானத்தின் கூட்டை வெளிப்புறமாகத் தள்ளும் விசையும் கூடுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் கூடு சற்றே உப்பித் தளர்வதால் உலோகம் நாளடைவில் களைத்துப்போகும். அதைச் சமாளிக்கக் கூட்டைத் தடிமனாக்கினால் எடையும் எரிபொருள் செலவும் ஏறும். எனவே ஒரு சமரசம்: 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே கேபின் போகக்கூடாது என்கிறது விதி. ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி. அதாவது அதற்கும் சற்று மேலே ஒரு மலையில் இரவெல்லாம் தங்குவதற்குச் சமம்.

கார்பன் இழைக் கலவையால் செய்யப்பட்ட போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் கூடு இந்தக் களைப்புக்கு எளிதில் ஆளாவதில்லை. ஆகவே அவற்றில் கேபினை 6,000 அடி அளவிலேயே வைத்திருக்க முடிகிறது. அது நுவரெலியாவின் உயரம். இருக்கையின் படத்தைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறவர்கள் விமானத்தின் ரகத்தையும் பார்ப்பது நல்லது. கழிவறைக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் இந்தச் சலுகை உண்டு.

காற்று எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான விமானங்களில் எஞ்சினின் அமுக்கிப் பகுதியிலிருந்து ஒரு பங்கைத் திருப்பி எடுக்கிறார்கள். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பகுதி சுடுவதுபோல, அமுங்கிய காற்று 200 டிகிரிக்கும் மேல் கொதிக்கும். அதைக் குளிரவைத்து, கேபினிலிருந்து வடிகட்டித் திரும்பும் காற்றுடன் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலந்து அனுப்புகிறார்கள். 787 மட்டும் எஞ்சினைத் தொடாமல் மின்சார அமுக்கிகளைப் பயன்படுத்துகிறது. வழி எதுவானாலும் மைனஸ் 56 டிகிரிக் காற்றில் நீராவி கிட்டத்தட்ட இல்லை. கேபினில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் பயணிகளின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் வருவதுதான்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பின்பகுதியில் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, விசாலமான முன்பகுதியில் அது பத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஈரம் தர அங்கே போதுமான மனிதர்கள் இல்லை! உதடு வெடிப்பதும் கண் உறுத்துவதும் காசு கொடுத்தவருக்கே அதிகம். சில நிறுவனங்கள் பிசினஸ், முதல் வகுப்புகளுக்கென்றே ஈரமூட்டும் கருவி பொருத்துவதற்குக் காரணம் இதுதான்.

வறண்ட மூக்கு மணத்தைச் சரியாகப் பிடிக்காது. மணம் போனால் ருசியில் பாதி போயிற்று. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் லுப்தான்ஸாவுக்காக ஒரு பழைய விமானக் கூட்டில் அழுத்தத்தைக் குறைத்துச் சோதித்தபோது உப்பு 20 முதல் 30 சதவீதமும் இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் மட்டுப்பட்டுத் தெரிந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இன்னொன்றைக் கண்டார்கள்: விமான எஞ்சின் அளவு இரைச்சலில் இனிப்பு மங்குகிறது, தக்காளியிலும் காளானிலும் இருக்கும் உமாமி என்ற சுவை தூக்கலாகத் தெரிகிறது. அந்தக் கணக்கில் வானத்துக்கு ஏற்ற உணவு தக்காளி ரசம்தான். மெனு எழுதுகிறவர்கள் கவனிக்கலாம்.

அப்படியானால் பணம் எதைத்தான் வாங்குகிறது? கோணத்தை. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நிக்கல்சனும் ஸ்டோனும் 1987இல் வெவ்வேறு சாய்வுள்ள இருக்கைகளில் ஆட்களைத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். முதுகு செங்குத்திலிருந்து ஏறத்தாழ 40 டிகிரி சாய்ந்துவிட்டால் தூக்கம் படுக்கையில் வருவதை நெருங்குகிறது. அதற்குக் குறைந்தால் தலையை நிறுத்தக் கழுத்துத் தசைகள் வேலை செய்துகொண்டே இருக்கும். அவை தளரும் கணத்தில் தலை தொங்கும், ஆள் விழித்துக்கொள்வார். சாதாரண வகுப்பு இருக்கை இந்த 40 டிகிரியை எட்டுவதே இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000இல் பிசினஸ் வகுப்பில் முழுத் தட்டைப் படுக்கையைக் கொண்டுவந்தபோது மற்ற நிறுவனங்கள் பின்தொடர வேண்டியதாயிற்று.

ஆனால் படுக்கையோடு சேர்ந்து வரும் மதுக்கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கத்தில் மூச்சு ஆழம் குறைகிறது. மலை உயரத்துக் காற்றில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மது இவற்றோடு சேர்ந்தால்? கொலோன் நகரில் உள்ள ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளையவர்களை 8,000 அடிக்கு நிகரான அழுத்த அறையில் நான்கு மணி நேரம் தூங்கவைத்தார்கள். முடிவு 2024இல் வெளியானது. தரையில் மது இல்லாமல் தூங்கியவர்களின் ரத்த ஆக்சிஜன் நிறைவு 96 சதவீதம், நாடித்துடிப்பு 64. உயரத்தில், இரண்டு கிண்ணம் வைனுக்குச் சமமான மதுவுடன் தூங்கியவர்களுக்கு ஆக்சிஜன் 85 சதவீதம், துடிப்பு 88. தூங்கும் இதயம் வேக நடை நடந்திருக்கிறது. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் இந்த எண்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

கால் ரத்தநாளத்தில் ரத்தம் கட்டியாக உறைவதை ‘எகானமி கிளாஸ் நோய்’ என்பதும் முழு உண்மையல்ல. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 2007இல் சொன்ன உலக சுகாதார நிறுவனம், அதில் பஸ், ரயில், காரையும் சேர்த்தே சொன்னது.

இனி இணைப்பு விமானம். சென்னை–தோஹா பயணம் ஏறத்தாழ நாலரை மணி நேரம்தான். மேலேறும் நேரம், சாப்பாடு, இறங்குவதற்கான ஆயத்தம் போக மிஞ்சுவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். முழுப் படுக்கைக்கு இங்கே வேலை குறைவு. அதன் பயன் முழுவதும் தோஹாவிலிருந்து கிளம்பும் 14 மணி நேரப் பயணத்தில்தான். அந்தப் பாதை சுமார் 55 டிகிரி வட அட்சம் வரை வளைந்து ஏறுகிறது. அந்த அட்சத்தில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்கு 950 கிலோமீட்டர் அளவு. விமானமும் ஏறத்தாழ அதே வேகத்தில் மேற்கே பறப்பதால் சூரியன் வெகுநேரம் நகராமல் நிற்பதுபோல் தெரியும். கோடையில் தோஹாவில் காலை எட்டு மணிக்கு ஏறினால் நியூயார்க்கில் பிற்பகல் மூன்று மணி. 14 மணி நேரத்தில் கடிகாரம் ஏழு மணி நேரமே நகர்ந்திருக்கிறது. முந்தின இரவைச் சென்னை விமான நிலையத்தில் விழித்துக் கழித்த உடலுக்கு இருட்டே கிடைப்பதில்லை. ஜன்னலை மூடி, கேபின் விளக்குகளைத் தணித்து விமானப் பணியாளர்கள் உண்டாக்குவது செயற்கை இரவு. மூளையின் கடிகாரம் கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை வைத்தே நேரம் பார்ப்பதால் இந்த ஏமாற்று ஓரளவு பலிக்கிறது.

தரையிறங்குமுன் ஆழ்ந்து தூங்குகிறவரையும் எழுப்பி இருக்கையை நிமிர்த்தச் சொல்வார்கள். விமான இருக்கைகள் 16 மடங்கு புவியீர்ப்பு விசையில் சோதிக்கப்படுகின்றன. 70 கிலோ மனிதர் அந்தக் கணத்தில் 1,120 கிலோவாக முன்னே பாய்வார். அந்தச் சோதனையில் இருக்கை தேறுவது நிமிர்ந்த நிலையில்தான். பல பிசினஸ் இருக்கைகளின் பெல்ட் கைக்குத் தடிமனாகத் தட்டுப்படுவது, அதற்குள் ஒரு காற்றுப்பை மடிந்திருப்பதால்.

எழுப்புவதில் காதுக்கும் நன்மை உண்டு. நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய், விமானம் ஏறும்போது காற்றைத் தானாக வெளியே விட்டுவிடும். இறங்கும்போது உள்ளே விடாது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். தூங்குகிறவர் விழுங்குவது குறைவு. சளி பிடித்தவருக்கு அந்தக் குழாய் வீங்கி அடைத்திருக்கும். நேரடி விமானத்தில் ஒரு முறை படும் வலியை இணைப்பு விமானத்தில் இரண்டு முறை படவேண்டும், முதல் முறை தோஹாவிலேயே.