பெயரில் ஒரு நாலு

டொயோட்டாவின் ஆர்ஏவி4 என்ற எஸ்யூவி காரின் பெயரில் கடைசியாக நிற்கும் 4, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போவதைக் குறிப்பது. (முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வகையையும் இதே பெயரில்தான் விற்றார்கள், அது வேறு கதை.) முதல் ஐந்து தலைமுறைகளில் அந்த நாலு வேலை செய்யும் விதமே மாறிவிட்டது.

1994-ல் ஜப்பானில் வந்த முதல் வண்டியின் நீளம் சுமார் 3.7 மீட்டர். அன்றைய ஜீப் வகை வண்டிகள் பெரும்பாலும் லாரியைப் போல ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றியவை. இதில் சட்டம் தனியாக இல்லை. கார்களைப் போல உடலே சுமையைத் தாங்கியது. நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை போனது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் இறுக்கமாகப் பிணைத்தால் டயர் தேயும், வண்டி முரண்டு பிடிக்கும். அதனால் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பை வைத்து வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுத்தார்கள்.

சரி, காய்ந்த தார்ச்சாலையில் பின் சக்கரங்களுக்கு விசை எதற்கு? 2005-ல் வந்த மூன்றாம் தலைமுறை இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொன்னது. டிஃபரன்ஷியலுக்குப் பதில் மின்காந்தத்தால் இறுகும் கிளட்ச். வழக்கமாக முன் சக்கரங்களே இழுக்கும். அவை வழுக்குவதாகச் சென்சார் சொன்னால், கிளட்ச் தகடுகள் நெருங்கி விசையைப் பின்னால் அனுப்பும். ஆனால் விசை போகாத நேரத்திலும் அதைப் பின்னால் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட் (சுழலும் தண்டு) சுழன்றுகொண்டே இருக்கும். அதற்கும் எரிபொருள் செலவுதான்.

2018-ல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறையின் சில பெட்ரோல் வகைகளில் அந்த ஷாஃப்ட்டையே இரு முனையிலும் கழற்றிவிட்டு நிறுத்திவைக்க வழி செய்தார்கள். எனக்குப் பிடித்த தீர்வு அதற்கு முன்பே, நான்காம் தலைமுறையின் ஹைப்ரிடில் (எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வகை) வந்துவிட்டது: ஷாஃப்ட்டே கிடையாது. பின் அச்சில் தனி மின்மோட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் இணைப்பு வெறும் மின்கம்பிதான். வளைவில் வேக வித்தியாசம் என்ற பழைய தலைவலியும் இல்லை.

நீளம் மட்டும் 4.6 மீட்டரைத் தொட்டுவிட்டது. இன்னும் இதைச் சிறிய எஸ்யூவி என்றுதான் சொல்கிறார்கள்! ஷாஃப்ட் இல்லாததற்கும் ஒரு விலை இருக்கிறது. பழைய வண்டியில் எஞ்சினின் விசையில் கணிசமான பங்கு பின்னால் போக முடியும். ஹைப்ரிடில் பின் சக்கரங்களுக்கு அந்தச் சின்ன மோட்டாரின் பலம்தான். மழையில் நனைந்த சாலைக்கு அது தாராளம். ஆழமான சேற்றில் முன் சக்கரங்கள் புதைந்தால், திணறும்.